ஆயாம்மாவை எடுத்துவிட்டுத் தரத்தைக் கேட்கிறீர்கள்: திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மழலையர் கல்வித் திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இரண்டு மாதங்களுக்கு முன் நீங்கள் அனுப்பிய தர மேம்பாட்டுச் சுற்றறிக்கையின் 9ஆம் பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல். மற்ற பக்கங்களில் சுவருக்கு என்ன நிறம், பதிவேட்டில் எத்தனை கட்டம், போட்டோவை எத்தனை மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும் என்றெல்லாம் விரிவாக இருக்கிறது. 9ஆம் பக்கத்தில், 'நிர்வாகச் சீரமைப்பு' என்ற தலைப்பின் கீழ், இரண்டே வரி. இனி இரண்டு வகுப்புகளுக்கு ஓர் உதவியாளர் போதும். மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்சி தர வேண்டும். அதற்கான தாள்கள் கோப்பில் இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று நீங்கள் எழுதவில்லை. விளையாட்டு நேரத்திலிருந்துதான் எடுத்தோம். வேறு எங்கே இருக்கிறது?

பதினேழு ஆண்டுகளாக மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளோடு இருப்பவள் நான். சுற்றறிக்கைகள் எனக்குப் புதிதல்ல. படித்து, கையெழுத்துப் போட்டு, கோப்பில் வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்துப் பழகியவள்தான். இதை அப்படி வைத்துவிட முடியவில்லை.

என் வகுப்பில் 24 பேர். அவர்களில் ஒருவனுக்கு மூன்றரை வயது. விளையாட்டு மும்முரத்தில் காற்சட்டையை நனைத்துவிடுவான். இந்த வயதில் இது ஒரு விஷயமே இல்லை. முன்பெல்லாம் ஆயாம்மா அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார். "வாடா ராஜா, ஒரு வேலை இருக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். ஐந்து நிமிடத்தில் வேறு உடையில் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து விளையாடத் தொடங்கிவிடுவான். என்ன நடந்ததென்று மற்ற 23 பேருக்கும் தெரியாது. ஆயாம்மா இப்போது பாதி நேரம் அடுத்த வகுப்பில். முதல் வாரமே அவன் நனைத்தான். நான் அவனை அழைத்துக்கொண்டு போனால் மற்றவர்களைப் பார்க்க ஆள் இல்லை. போகாவிட்டால் அவன் ஈரத்தோடு நிற்க வேண்டும். ஆயாம்மா வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அதுவரை சுவரோரம் நின்றான். யாரோ ஒருவன் கைகாட்டிச் சிரித்தான். சிரிப்பு வகுப்பு முழுக்கப் பரவியது.

மறுவாரம் அவன் அம்மா வந்து, தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புகிறதே என்று கேட்டார். பார்த்தேன். அவன் மையத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தான். குடித்தால் போக வேண்டிவரும், போகக் கூட்டிப்போக ஆள் இல்லை என்று மூன்றரை வயதுப் பிள்ளை தானாகவே கணக்குப் போட்டிருக்கிறான். எண் கற்றலில் உங்கள் படிவத்தின்படி அவனுக்கு 'முன்னேற்றம் தேவை'.

உதவியாளர் என்றால் பெருக்க, துடைக்க, உணவு பரிமாற என்றுதான் நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அப்படி நினைத்தால் இரண்டு வகுப்புக்கு ஒருவர் போதும் என்று தோன்றுவதும் இயல்புதான். அந்த நினைப்பில்தான் பிழை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுமி வந்தாள். நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. பாட்டு, கதை, பொம்மை எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் கை கழுவும் இடத்தில் ஆயாம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே, "இது சின்னது, இது அதுக்கு அக்கா, இது…" என்று சொல்லி நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பெரியக்கா" என்றாள் சிறுமி. எங்களிடம் அவள் பேசிய முதல் சொல் அது. அன்றைய பதிவேட்டில் இருப்பது 'கை கழுவுதல், 10.40' மட்டும்.

அந்த நிறுத்தம்தான் கல்வி. சொல்லிவிட்டுக் குழந்தைக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள். 24 பேரை ஒற்றை ஆளாக மேய்க்கும் எனக்கு இப்போது அந்த நொடிகள் கிடைப்பதில்லை. என் பேச்சு முழுக்க "உட்காரு, எழுந்திரு, அடிக்காதே, வரிசையில் நில்" என்றாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், அன்று எந்தப் பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததாக நினைவில்லை. 1946இல் புடாபெஸ்டில் குடும்பத்தைப் பிரிந்த குழந்தைகளுக்காக லோட்சி இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர், குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது இவற்றைத்தான் உறவும் கற்றலும் நிகழும் முக்கியமான நேரமாக வைத்தார். அவசரப்படாதீர்கள், குழந்தையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று பணியாளர்களைப் பழக்கினார். பராமரிப்பு வேறு, கல்வி வேறு என்று பிரித்து, பராமரிப்பை ஆள்குறைப்புக்கு ஏற்ற இடமாகப் பார்க்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் சுற்றறிக்கையின் முதல் பக்கத்துக்கு வருகிறேன். மழலையர் கல்வியில் போடும் பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் பலன் தரும் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் 1962இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளித் திட்டத்திலிருந்து வந்தது. மொத்தம் 123 குழந்தைகள். அவர்களில் 58 பேர் முன்பள்ளிக்கு வந்தார்கள், மீதிப் பேர் ஒப்பீட்டுக் குழு. இரு தரப்பையும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். பொருளியலுக்கான நோபல் பரிசை 2000இல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் உடன் ஆய்வு செய்தவர்களும் அந்தத் தரவை வைத்து 2010இல் போட்ட கணக்குதான் இந்த 7, 10. அந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஐந்தாறு குழந்தைகள். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வாரம் ஒரு முறை ஆசிரியரே வீட்டுக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார். பிள்ளைகள் தாங்களே திட்டமிட்டு, செய்து, செய்ததைச் சொல்லிப் பார்க்கும் முறையில்தான் பாடம் நடந்தது.

ஐந்தாறு பேருக்கு ஒருவர் இருந்த இடத்தின் லாபத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, 24 பேருக்கு ஒன்றரை ஆளை 9ஆம் பக்கத்தில் வைக்கிறீர்கள். விதையை மிச்சம் பிடித்துவிட்டு விளைச்சலைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

மையத்தைத் திறந்து பிள்ளைகளைச் சேர்த்தாலே நல்லதுதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு முன்பள்ளித் திட்டத்துக்கு விண்ணப்பித்த 2,990 குழந்தைகளைப் பற்றி 2022இல் வெளியான ஆய்வைப் படித்த பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகள் முன்பள்ளி ஆண்டின் முடிவில் முன்னால் நின்றார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது, இடம் கிடைக்காத பிள்ளைகளைவிடத் தேர்விலும் பின்தங்கி, ஒழுங்கு நடவடிக்கைகளிலும் அதிகம் சிக்கியிருந்தார்கள். ஏன் அப்படி ஆனது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் ஒரு திட்டம் நடப்பதாலேயே பிள்ளைக்கு நன்மை என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. அந்த ஆண்டு முடிவில் ஒரு தேர்வு வைத்துப் பார்த்திருந்தால் அந்தத் திட்டமும் வெற்றிதான் என்பதையும் கவனியுங்கள். உங்கள் எழுத்துப் பயிற்சித் தாள்களும் ஆண்டு முடிவில் வெற்றியைத்தான் காட்டும்.

அந்தத் தாள்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதனால் எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். போன மாதம் உங்கள் ஆள் எங்கள் மையத்தை ஆய்வு செய்ய வருவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் என் கைக்குள் பிடித்து, புள்ளிகளின் மேல் பென்சிலை இழுத்தேன். நேரம் போதாமல் கடைசியில் பிள்ளைகள் இல்லாமலேயே சிலவற்றை இழுத்தேன், கோணலாக, குழந்தை எழுதியதுபோலவே. உங்கள் கோப்பில் இருக்கும் எழுத்துகளில் பாதி என்னுடையவை. ஆய்வுக்கு வந்தவர் புரட்டிப் பார்த்து "நல்லா எழுதுறாங்களே" என்றார்.

மூன்று வயதுப் பிள்ளையால் ஏன் முடியவில்லை என்பது அதன் மணிக்கட்டிலேயே இருக்கிறது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது எட்டும் குருத்தெலும்புதான். மூன்று வயதில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். எட்டாவது தொடங்கவே ஒன்பது, பத்து வயதாகும். தோள், முழங்கை, உள்ளங்கை என்று பலம் மெல்ல மெல்லத்தான் விரல் நுனிக்கு இறங்கி வரும். களிமண் பிசைவதும், தொங்குவதும், மணலை அள்ளிக் கொட்டுவதும், ஈரத் துணியைப் பிழிவதும்தான் அதற்கான எழுத்துப் பயிற்சி. நீங்கள் வெட்டிய அந்த ஒரு மணி நேரத்தில் அவைதான் நடந்துகொண்டிருந்தன.

பெற்றோர் எழுத்து வேண்டும் என்று கேட்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான், கேட்கிறார்கள். வீட்டுக்கு வருவது தாள் மட்டும்தானே? மரக்கட்டையால் பாலம் கட்டும்போது "உன்னோடது சின்னது, இன்னும் ரெண்டு வேணும்" என்று ஒருத்தி சொன்னதும், இன்னொருவன் அழுகையை அடக்கிக்கொண்டு தன் கட்டையில் ஒன்றைக் கொடுத்ததும் வீட்டுக்கு வருவதில்லை. ஒரு முறை ஆறு பெற்றோரைக் காலை முழுக்க வகுப்பின் மூலையில் உட்கார வைத்தேன். குறுக்கிடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. இருவர் அதன் பிறகும் ஒர்க்ஷீட் கேட்டார்கள். நான்கு பேர் கேட்கவில்லை. அதில் ஒரு தந்தை, தன் மகன் இவ்வளவு பேசுவான் என்று தெரியாது என்றார். மூன்றில் இரண்டு பங்கு என்பது, ஒற்றைக் காலை நேரத்துக்கு, மோசமான கணக்கில்லை.

பணம் இல்லை என்பதுதான் உங்கள் அடுத்த பதிலாக இருக்கும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வைப் பாருங்கள். சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், சில குழந்தைகளின் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் கிடைத்த பொருட்களால் செய்த பொம்மைகளைக் கையில் கொடுத்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம், அந்த வருகை கிடைக்காதவர்களுடையதைவிட 25 சதவீதம் அதிகம். புதுக் கட்டடம் இல்லை, சுவர் ஓவியம் இல்லை, செயலி இல்லை. பழகிய ஓர் ஆள் தவறாமல் வந்தார், பேசினார். உங்கள் சுற்றறிக்கையில் சுவருக்கு ஒதுக்கிய தொகையையும் ஆயாம்மாவின் ஊதியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

எங்கள் மையங்களில் உங்கள் ஆய்வு நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். போன மாதம் வந்தவர் எங்கள் மையத்தில் நாற்பது நிமிடம் இருந்தார். முப்பது நிமிடம் அலுவலக அறையில் பதிவேடு. மீதியில் சுவரைப் போட்டோ எடுத்தார், பிள்ளைகளை எழுப்பிப் பாட்டுச் சொல்லச் சொன்னார். நூற்றுக்கு 91 போட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான், அவர் கையில் இருந்த படிவம் கேட்டதை அவர் நிரப்பினார். தண்ணீர் குடிக்காத பையன் அன்றைக்கும் வகுப்பில் இருந்தான். 91இல் அவனும் அடக்கம்.

இதற்கு வேறு வழி இல்லாமல் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பியான்டா குழுவினர் உருவாக்கிய 'கிளாஸ்' என்ற மதிப்பீட்டு முறையில், பயிற்சி பெற்றவர் வகுப்புக்குள் உட்கார்ந்து 20 நிமிடம் பார்ப்பார், 10 நிமிடம் மதிப்பெண் போடுவார், மறுபடி பார்ப்பார். வழக்கமாக நான்கு சுற்று. பெரியவர் குழந்தையிடம் எப்படிப் பேசுகிறார், பதிலை எப்படி வாங்கிக்கொள்கிறார், அழும் குழந்தைக்கு என்ன செய்கிறார் என்பவற்றைத்தான் பார்ப்பார்கள். அதிலும் குறை உண்டு, அதையே வேதமாக்கச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்காமல் குழந்தைக் கல்விக்கு மதிப்பெண் போடுவதைவிட அது மேல்.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மண்டபம், திரையில் ஸ்லைடு, இரண்டு நாள், சான்றிதழ். ஆயாம்மாக்களுக்கு அதுவும் இல்லை.

இனி என் கோரிக்கைகள்.

முதலாவதாக, 9ஆம் பக்கத்தின் அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் பெறுங்கள். வகுப்புக்கு ஓர் உதவியாளர், முழு நேரமும். அமெரிக்காவின் இளங்குழந்தைக் கல்விக்கான தேசியச் சங்கம் நான்கு வயதினருக்குப் பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், குழுவில் இருபது பேருக்கு மேல் வேண்டாம் என்கிறது. 24 பேருக்கு இரண்டு பேர் என்று நாங்கள் கேட்பது அதைவிடக் குறைவுதான். இதைக்கூடத் தர முடியாதென்றால், நான் ஒரு குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் நேரத்தில் மற்ற 23 பேருக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் தாருங்கள்.

எழுத்துப் பயிற்சித் தாள்களைக் கோப்பிலிருந்து நீக்குங்கள். ஐந்து வயதுக்கு முன் அவற்றை எந்த மதிப்பீட்டிலும் எண்ணக் கூடாது. வெட்டிய ஒரு மணி நேரத்தை விளையாட்டுக்கே திருப்பித் தாருங்கள். 1989இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமை என்கிறது. அது எங்கள் சலுகைக் கோரிக்கை அல்ல.

ஆய்வுக்கு வருபவர் குறைந்தது இரண்டு மணி நேரம் வகுப்புக்குள் இருக்க வேண்டும், பதிவேட்டைத் தொடுவதற்கு முன். மதிப்பெண்ணில் பாதிக்கு மேல், பெரியவரும் குழந்தையும் பேசிக்கொள்வதைப் பார்த்துப் போட்டதாக இருக்க வேண்டும். குறை கண்டால் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போகாமல், அடுத்த மாதம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர ஓர் அனுபவசாலியை அனுப்புங்கள்.

ஆயாம்மாக்களைக் கல்விப் பணியாளர்களாக உங்கள் ஆவணத்தில் எழுதுங்கள். பயிற்சியும் ஊதியமும் அதற்கேற்ப வரட்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் மையத்தில் குழந்தை யாரிடமும் ஒட்டாது. 2019இல் வர்ஜீனியா மாநிலத்தில், எட்டு மாதம் வேலையை விடாமல் இருப்பவர்களுக்கு 1,500 டாலர் வரை ஊக்கத்தொகை என்று அறிவித்துப் பார்த்தார்கள். குழந்தைப் பராமரிப்பு மையங்களில் வேலையை விட்டுப்போனவர்களின் அளவு ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 15ஆகப் பாதியானது. ஆயாம்மா வேலையை விட்டுப் போக யோசிக்கிறார். எங்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

2022 நவம்பரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் நிறைவேறிய தாஷ்கண்ட் பிரகடனம், கல்விச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தை முன்பள்ளிக் கல்விக்கு ஒதுக்கச் சொல்கிறது. நம்முடைய பங்கு எவ்வளவு, அதில் ஆட்களுக்கு எவ்வளவு, சுவருக்கும் செயலிக்கும் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் ஒரு காலை முழுக்க எங்கள் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். போன் வெளியே இருக்கட்டும். வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். சொன்னால் நாங்கள் பெருக்கித் துடைத்துக் கோப்பை நிரப்பிவிடுவோம். பெரிய நாற்காலி கிடையாது, தரையில்தான் இடம். கை கழுவும் நேரம் 10.40.

இப்படிக்கு,
ஒரு மழலையர் மையத்தின் ஆசிரியை